சிலுவைக்குப் பின்னால் ஒரு விளக்கு

என் மனைவி என் வாயைப் பார்த்துத்தான் நான் பேசுவதைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிவதற்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆனது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. புது வீட்டுக்கு விளக்குப் பாயிண்ட் குறிக்க வந்த எலக்ட்ரீசியன் சொல்லித்தான் தெரிந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மனுஷனுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

அவளுக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியும். அதுகூடத் தெரியாத மடையன் இல்லை நான். எங்கள் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி குறைந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொண்டு காட்டி, காதில் வைக்க ஒரு மெஷினும் வாங்கினார்கள். நான் அப்போது வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர். போனில் "இப்பம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் "பரவால்ல" என்பாள். நானும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றினால் அந்த மெஷினில் மழை பெய்வதுபோல இரைகிறது என்று வீட்டில் அதை வைப்பதே இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் யார் உட்கார முடியும்?

பதினாலு வருஷம் நான் வெளியே இருந்தேன். அதில் ஊருக்கு வந்து நின்ற நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறலாம். லீவுக்கு வருகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்குக் கோழிக் குழம்பு கிடைக்கும், வீட்டு விஷயம் தெரியாது.

வீடியோவில் பேசும் வசதி வந்த பிறகு அவள் சாதாரணமாகக் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டாள். வீடியோவில்தான் வர வேண்டும். வந்ததும் முதல் பேச்சு, "லைட்டப் போடுங்க, மொகம் தெரியல்ல." என் அறையில் இன்னும் மூன்று பேர் படுத்துக் கிடப்பார்கள். லைட்டைப் போட்டால் ஏச்சு விழும். அதனால் குளியலறைக்குள் போய்க் கண்ணாடி விளக்குக்கு அடியில் நின்றுகொண்டு பேசுவேன். அறைக்காரர்கள் கேலி செய்தால், "என்ன செய்ய? அவளுக்கு என் மூஞ்சியப் பாக்காம இருக்க முடியாது" என்று மீசையைத் தடவிக்கொள்வேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். நாகர்கோவிலில் வாடகை வீடு. ஹாலில் ஒரே ஒரு டியூப் லைட், அதற்கு நேர் கீழே என் நாற்காலி. பேப்பர் படிக்க அதுதான் தோது. பகலெல்லாம் கலகலவென்று பேசுகிறவள், விளக்கு வைத்த பிறகு "ம்", "சரி", "நல்லது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, ஆறு மணியானா ஒன் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில். பதினாலு வருஷம் தனியாக இருந்து பழகியவளுக்கு நான் வந்தது தொந்தரவாக இருக்கிறது போல என்று உள்ளுக்குள் ஒரு புழு அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். அதில் எந்த மாற்றமும் கிடையாது. மகள் வேதம் வாசிப்பாள், ஜெபம் நான் பண்ணுவேன். நான் ஜெபம் பண்ணினால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. திரும்பி வந்த புதிதில் ஒருநாள் நடுவில் கொசு கடித்துக் கண்ணைத் திறந்தேன். அவள் என் பக்கமாகக் குனிந்து, கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, "ஆண்டவருக்கு முன்னால ஒரு மரியாத வேண்டாமா? கண்ண மூடு" என்று வைதேன். மறுநாளிலிருந்து மூடிக்கொண்டாள். சொன்னதும் திருந்தினாளே என்று எனக்குப் பெருமை வேறு.

இப்படி இருக்கும்போதுதான் இராஜாக்கமங்கலம் போகும் ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இடம் வாங்கி வீடு தொடங்கினோம். மேல்தளம் போட்டு முடிந்து, சுவர் பூசுவதற்கு முன்னால் வயரிங் வேலைக்கு நேரம் வந்தது. சுவரில் வெட்டிக் குழாய் பதித்துவிட்டுத்தான் பூசுவார்கள். பூசின பிறகு விளக்கை அங்கே மாற்று, இங்கே மாற்று என்றால் திரும்பவும் சுவரைக் கொத்த வேண்டும். ஆகவே, எங்கே எந்த விளக்கு என்பதை அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. நான் வேலை பார்த்த ஹோட்டலில் ஒரு பல்புகூடக் கண்ணில் படாது. மேலே ஃபால்ஸ் சீலிங்கின் ஓரத்திலிருந்தும், சுவரின் இடுக்கிலிருந்தும் வெளிச்சம் மட்டும் கசியும். சாமான் கணக்குப் பார்க்க அந்த ஹால் வழியாகப் போகும்போதெல்லாம், என் வீடு என்று ஒன்று வந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். பதினாலு வருஷத்து ஆசை. ஒரு நோட்டில் அறை அறையாகப் படம்கூட வரைந்து வைத்திருந்தேன்.

அந்தப் படத்தில் தலையாயது சிலுவை. இப்போது எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிற எங்கள் சபைக்காரர்கள் பலர் ஹாலில் ஒரு சிலுவை வைக்கிறார்கள். சுவரில் சிலுவை வடிவத்தில் பள்ளம் விட்டு, உள்ளே எல்.இ.டி. பட்டையை ஒட்டி, முன்னால் பால் நிறக் கண்ணாடி வைத்து மூடுவார்கள். ஸ்விட்சைப் போட்டால் சிலுவை தகதக என்று ஒளிரும். நான் விடுவேனா? ஆள் உயரத்துக்கு வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி இடம் விட்டாயிற்று. அதற்கு முன்னால் என் நாற்காலி. மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்கும், சிலுவை மட்டும் எரியும், அதன் முன்னால் உட்கார்ந்து நான் ஜெபம் பண்ணுவேன். அந்தக் காட்சியை மனசுக்குள் பார்த்துப் பார்த்து நானே சொக்கிப் போயிருந்தேன்.

நாகர்கோவிலில் விளக்குக் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். கடைக்குள் நூறு விளக்கு ஒரே நேரத்தில் எரிகிறது, கண் கூசுகிறது. அங்கே அவள் பேசிய பேச்சைப் பார்க்க வேண்டுமே! கடைக்காரர் தொங்கு விளக்கு ஒன்றைக் காட்டி அளந்துகொண்டிருந்தார். "இதுல தூசி விழுந்தா நீங்க வந்து தொடச்சுத் தருவியளா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். வாட்ஸ் கேட்டாள், வாரண்டி கேட்டாள், அவர் மெதுவாகத் தன் பையனிடம் சொன்னதற்குக்கூடப் பதில் சொன்னாள். கடைக்காரனிடம் பேச வாய் இருக்கிறது, கட்டினவனிடம் பேச இல்லையா என்று வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். கண்ணுக்கு முன்னால் கிடந்த விஷயம், எடுத்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

எலக்ட்ரீசியன் இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரைக்காரர். நாற்பது வயது இருக்கும். கொஞ்ச காலம் அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போய், அது ஒத்துக்கொள்ளாமல் வயரிங் வேலைக்கு வந்தவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பகலில் பாயிண்ட் குறிக்க மாட்டார். பொழுது அடையும் நேரத்தில் வருவார். நீளமான ஒரு கம்பின் நுனியில் ஹோல்டரைக் கட்டி, பல்பை மாட்டி, பாயிண்ட் வர வேண்டிய இடத்தில் தூக்கிப் பிடிப்பார். வீட்டுக்காரர்கள் அந்தந்த இடத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

"சாப்பிடுத எடத்துல சாப்பிடுத மாதிரி இரிங்க, ஜெபம் பண்ணுத எடத்துல ஜெபம் பண்ணுத மாதிரி இரிங்க. வெளிச்சம் எங்க விழுதுன்னு அப்பத்தான் தெரியும் அண்ணே" என்றார்.

நல்ல கூத்துதான் என்று நினைத்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. பூசாத செங்கல் சுவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். முதலில் சிலுவைதான் பார்க்க வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். அவர் கம்பைச் சிலுவைப் பள்ளத்துக்குள் சாய்த்து வைத்தார். பல்பு எரிந்தது. நான் அதற்கு முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். மனைவியும் மகளும் எதிரே. ஜன்னலில் வெளிச்சம் அநேகமாகப் போய்விட்டது.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கு" என்றாள் மனைவி.

"மஞ்ச வெளிச்சம் வேணுமா, வெள்ள வெளிச்சம் வேணுமா?"

"நல்லாருக்கு."

"ஏட்டி, மஞ்சளா வெள்ளையான்னு கேட்டா நல்லாருக்குன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

அவள் சிரித்தாள். அதே சாயங்காலச் சிரிப்பு. மகள் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எலக்ட்ரீசியன் கம்பை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று பல்பை உயர்த்திப் பிடித்தார். வெளிச்சம் நேராக என் முகத்தில் அடித்தது. "இப்பம் கேளுங்க அண்ணே" என்றார்.

"என்னத்த கேக்க?"

"முன்ன கேட்டதையே கேளுங்க."

எரிச்சலோடு கேட்டேன். "மஞ்சளா, வெள்ளையா?"

"மஞ்சதான். வெள்ள போட்டா ஆஸ்பத்திரில இருக்க மாதிரி இருக்கும்" என்று டக்கென்று வந்தது பதில்.

அவர் மறுபடியும் பல்பைக் கொண்டுபோய்ச் சிலுவைக்குள் வைத்தார். அதே சத்தத்தில், அதே இடத்திலிருந்து கேட்டேன். "நாளைக்கு நெய்யூருக்குப் போயிட்டு வருவமா?"

"நல்லாருக்கு" என்றாள் அவள்.

எலக்ட்ரீசியன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வள்ளத்துல எஞ்சின் ஓடும்போ பக்கத்துல இருக்கவன் சத்தம்கூட கேக்காது. வாயப் பாத்துதான் பேசுவோம். இருட்டுனா டார்ச்ச நம்ம மூஞ்சியிலேயே அடிச்சிட்டுப் பேசுவோம். அக்காவும் ஒங்க வாயத்தான் பாக்குதாவ. ஒங்களுக்குப் பின்னால வெளக்க வச்சா, அவியளுக்கு நீங்க வெறும் நெழலு."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குச் சொல்லித் தர இவன் யார்? "ஓமக்கு வயரிங் வேலையா, டாக்டர் வேலையா?" என்று கத்தினேன். அவர் வயரைச் சுருட்டினார். என் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சண்டை, யாரோடு சண்டை, தன்னைப் பற்றியா என்று எதுவும் பிடிபடாமல் அந்த அரை இருட்டில் அவள் முகம் தவித்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைப் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள்.

"தெரிஞ்சா கேப்பனா மக்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு இப்போது சத்தம் என்று ஒன்று இருப்பது தெரியுமே தவிர, வார்த்தை எல்லாம் வாயைப் பார்த்துத்தான். சாயங்காலம் டியூப் லைட்டுக்குக் கீழே நான் உட்கார்ந்தால் என் முகத்தில் நிழல். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது என் ஜெபத்தைக் கேட்க. நான் வைத பிறகு மூடிக்கொண்டாள். அதோடு ஜெபமும் போனது. "முடியும்போ நான் அம்மா முட்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அப்பத்தான் ஆமென் சொல்லுவாவ. இல்லன்னா முடிஞ்சது தெரியாது."

இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் சொன்ன ஆமென் எல்லாம் அந்த இரண்டு தட்டுக்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"அம்மாதான் சொல்லாதேன்னாவ. காது இவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சா, அந்த வைத்தியம் இந்த வைத்தியம்னு சொல்லி, அப்பா திரும்பவும் வெளிநாட்டுக்குக் கெளம்பிருவாவன்னு பயம்."

நான் வந்தது அவளுக்குத் தொந்தரவு என்று நினைத்தவன் நான். போய்விடுவேனோ என்று பயந்து காதையே மறைத்து வைத்திருந்தாள் அவள். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, படுக்கப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் கிடந்து ஒரு விஷயம் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் விளக்கை அணைத்தேன். உன்னையும் பிள்ளையையும் தனியாக விட்டுவிட்டுப் போனதற்கு என்னை மன்னித்துக்கொள் என்றேன். "ம்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த "ம்" என்ன "ம்" என்பது இப்போது தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டதே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீசியன் வீட்டுக்குப் போனேன். வழியில் என்னென்னவோ பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். போய் நின்றதும், "தம்பி, நேத்து நான் பேசினது தப்பு" என்பதற்கு மேல் வரவில்லை. "அத விடுங்க அண்ணே. சுவரு பூசுததுக்கு முன்னால தெரிஞ்சுதே, அது நல்லதாப் போச்சு" என்று சொல்லிக் கட்டன் சாயா கொடுத்தார். என்ன பெரிய மனசு!

திரும்பி வந்து அவளைப் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் ஜன்னலுக்கு எதிரே, வெயில் என் முகத்தில் விழும்படி நின்றுகொண்டேன். "எங்கெங்க வெளக்கு வேணும்? நீ சொல்லு" என்றேன். அவள் என்னையும் நான் நின்ற இடத்தையும் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அவ சொல்லிட்டாளா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள் பாருங்கள், என் நோட்டுப் படமெல்லாம் குப்பைதான். சாப்பாட்டு மேசைக்கு நடுவில் ஒன்று தாழ்வாகத் தொங்க வேண்டும், சுற்றி இருக்கிற எல்லார் முகத்திலும் படும்படி. அடுக்களையில் அடுப்புக்கு மேலே ஒன்று போதாது, வாசலில் வந்து நின்று பேசுகிறவர் முகத்தில் விழ இன்னொன்று. காலிங் பெல் அமுக்கினால் அடுக்களையில் ஒரு சின்ன பல்பு மினுங்க வேண்டும். கட்டிலில் நான் படுக்கும் பக்கம் சுவரில் ஒரு விளக்கு. "நீங்க ராத்திரி கெடந்துட்டு என்னமோ பேசுவிய. நான் 'ம்'னு சொல்லிட்டுக் கெடப்பேன்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. எத்தனை வருஷமாக மனசுக்குள் இந்த வீட்டுக்கு அவள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாளோ!

"சிலுவைய அடச்சிருவமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? சிலுவ அங்க இருக்கட்டும். நீங்க அதுக்கு முன்னால இருந்து மறைக்காதிங்க, அவ்வளவுதான்" என்றாள்.

எலக்ட்ரீசியன் என் நாற்காலியைப் பக்கச் சுவருக்கு மாற்றி, அதற்கு எதிர்ச் சுவரில் ஒரு விளக்குக்குப் பாயிண்ட் குறித்தார். கம்பும் பல்புமாக மூன்று சாயங்காலம் வந்தார். ஒவ்வொரு இடத்திலும் என்னை எதையாவது பேசச் சொல்லி, "கேட்டுதா அக்கா?" என்று அவளிடம் கேட்ட பிறகுதான் சுவரில் சாக்பீஸால் குறி போட்டார்.

போன மாதம் வீடு பிரதிஷ்டை நடந்தது. போதகரும் சொந்தக்காரர்களும் வந்து, சாப்பிட்டு, ஹாலில் ஹோட்டல் மாதிரி ஒன்றும் இல்லையே என்று சிலர் முகத்தைச் சுளித்துவிட்டும் போனார்கள். போகட்டும். ஏழரைக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவர் விளக்கைப் போட்டேன். "கண்ணத் தெறந்து வச்சுக்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல நான் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். சபைக்காக, நாட்டுக்காக, எலக்ட்ரீசியனுக்காக, கொத்தனாருக்காக, மகள் படிப்புக்காக, கடலில் இருக்கிறவர்களுக்காக, வியாதியாக இருக்கிறவர்களுக்காக. முடிக்கப் போகும்போது அவள் குரல் வந்தது.

"கேட்டியளா?"

கண்ணைத் திறந்தேன். ஜெபத்துக்கு நடுவில் அவள் பேசியதே இல்லை.

"எல்லாரையும் சொல்லுதிய. என்னய விட்டுட்டியளே" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உண்மை. தினமும் நீட்டி முழக்குகிற ஜெபத்தில் அவளை நான் சொன்னதில்லை. பக்கத்திலேயே இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் அழாதவன் நான். அன்றைக்கு அழுதேன்.

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. விளக்கைப் பார்த்து முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "ஆண்டவரே, இவளையும் பிள்ளையையும் தனியா விட்டுட்டுப் பதினாலு வருஷம் போனேன். ஒரு கொறையும் சொல்லாம எனக்காகக் காத்திருந்தா. வந்த பொறவும் இவள நான் இருட்டுல இருத்திட்டேன். என்ன மன்னிக்கணும். இவளத் தந்ததுக்கு ஒமக்கு நன்றி."

அவள் கண் என் வாயை விட்டு அசையவில்லை. மகள் தட்டுவதற்காகக் கையை அம்மாவின் முட்டில் வைத்திருந்தாள். அந்தக் கை அசைவதற்கு முன்னாலேயே என் மனைவி "ஆமென்" என்றாள்.